ஒரு ஸ்பூன் தண்ணீர்

எங்கள் மகள் பிறந்த வருஷம் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டைக்கூட ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். என் மனைவிக்கு நிறைமாதம், எங்கே போவது? சாந்தோமிலேயே இருந்துவிட்டோம். வலி கண்டபோது வழக்கமான மருத்துவச்சி ஊரில் இல்லை. நான் தெருத்தெருவாகத் தேடி வேறொருத்தியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து, அழாமல் கிடந்தது. முதுகில் தட்டி, தலைகீழாகப் பிடித்து, என்னென்னவோ செய்த பிறகுதான் ஒரு முனகல் வந்தது. குண்டு எங்கள் வீட்டில்தான் விழுந்தது என்று பிற்பாடு நான் சொல்வதுண்டு. என் மனைவிக்கு அது பிடிக்காது. "பெத்த புள்ளையைப் போய் குண்டுங்கிறீங்களே" என்பாள்.

தலை நிற்க வேண்டிய மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. உட்கார வேண்டிய மாதத்தில் உட்காரவில்லை. வலக்கை மடங்கியே இருந்தது. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பாலாடையில் ஊற்றுகிற பாலில் பாதி வாய்க்குள் போனால் பாதி கழுத்தில் வழியும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வெள்ளைக்கார டாக்டர் துரை குழந்தையின் முழங்காலை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறக்கும்போது மூச்சு நின்றதில் மூளை அடிபட்டிருக்கிறது, மருந்து கிடையாது, அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னது அத்தனையும் இங்கிலீஷில் என்பதால், வெளியே மரத்தடியில் வைத்து அவளுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாயால் சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் நாக்குக் கசக்கிறது.

நான் கணக்கு வாத்தியார். காதைத் திருகினால் கணக்கு வரும் என்று நம்பிய தலைமுறை. என்னிடம் படித்த பையன்கள் எல்லாரும் பாஸ் பண்ணினார்கள். என் சொந்தப் பிள்ளையிடம் நான் செல்லாக்காசு. அவளை எப்படித் தூக்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் தூக்கினால் விறைத்துக்கொள்வாள், அவள் அம்மா தூக்கினால் துணி மாதிரி தோளில் படிவாள். ஆகவே நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கோபப்பட்டேன். டாக்டர் மேல், மருத்துவச்சி மேல், ஜப்பான்காரன் மேல். பறங்கிமலைப் படிகளில் குழந்தையைச் சுமந்து ஏறி நேர்ச்சை செலுத்திவிட்டு இறங்கும்போது மாதா மேல்கூட.

அவள் அம்மா கோபப்படவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. காலையில் நல்லெண்ணெய் தேய்த்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவுவாள். தாடையை நீவுவாள், உதட்டை நீவுவாள், வாய்க்குள் விரலைவிட்டு நாக்கை உள்ளே தள்ளிப் பழக்குவாள். ரேஷன் அரிசியைக் குழைய வடித்துப் பிசைந்து, கடைவாயில் வைத்து, தொண்டையைத் தடவிக் கொடுப்பாள். ஒரு வாய் உள்ளே போவதற்குள் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "அவதான் சொல்லுறா. எது புடிக்கலன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே" என்றாள்.

இதில் ஒரு வழக்கத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். குழந்தை வாயைத் திறந்துகொண்டே தூங்குவாள். விடிகிறபோது நாக்கு வறண்டு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எழுந்ததும் எச்சில் விழுங்க முடியாமல் திணறுவாள், பயந்து அலறுவாள். அதனால் அவள் கண் விழித்த உடனே ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரை நாக்கில் விட வேண்டும். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாய் கொடுத்த சின்ன வெள்ளி ஸ்பூன் ஒன்று இருந்தது. அதுவும் ஒரு டம்ளரும் தலைமாட்டிலேயே இருக்கும். அவள் புரண்டாலே போதும், என் மனைவியின் கை பாதித் தூக்கத்தில் ஸ்பூனைத் தேடிப் போகும். வருஷக்கணக்காக அப்படித்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது.

சாயங்காலங்களில் அவளைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். ஈர மணலில் இடுப்பளவுக் குழி தோண்டி, குழந்தையை அதில் நிற்க வைத்து, சுற்றிலும் மணலை அணைத்துவிடுவாள். முதல் நாள் பார்த்தபோது, உயிரோடு இருக்கிற பிள்ளையை மண்ணில் புதைக்கிறாளே என்று நினைத்தேன். குழந்தையோ நிமிர்ந்து நின்று அலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் உலகத்தைப் படுத்தோ சாய்ந்தோதான் பார்த்திருந்தாள்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அம்மாள் அந்தப் பக்கம் கூடையோடு போவாள். வாய் சும்மா இருக்காது.

"இன்னாம்மா, பொண்ண நட்டு வச்சிக்கினு கீறே? மொளச்சா எனக்கும் ஒரு கன்னு குடு."

எனக்குச் சுரீரென்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி சிரித்துவிட்டாள். "மொதல்ல உனக்குத்தான்" என்றாள். குழந்தையும் சேர்ந்து கையைத் தட்டப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த அம்மாள் தினமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பக்க மணலை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

குழி ஆழம் குறைந்துகொண்டே வந்தது. இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. எங்கள் வீட்டில் குழி கணுக்காலுக்கு வந்ததுதான் பெரிய செய்தி. ஆறு வயது தாண்டி அவள் அம்மாவின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, காலை வீசி வீசி நடக்க ஆரம்பித்தாள். பேச்சு வந்தது. அம்மாவுக்கு முழுவதும் புரியும், எனக்குப் பாதி புரியும், ஊருக்கு ஒன்றும் புரியாது. திரும்பி வரும் வழியில் கால் ஓய்வதற்காக மாதா கோவிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவார்கள்.

இந்த நிலையில்தான் புது நன்மை வந்தது. எங்கள் வேதக்காரர் வீடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முதன்முதலாகத் திவ்விய நற்கருணை, அதாவது பூசையில் மந்திரித்த அப்பம், வாங்குவதைப் புது நன்மை என்போம். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் கன்னியாஸ்திரீகள் மடத்துக்கு ஞானோபதேச வகுப்புக்குப் போக ஆரம்பித்தன. இவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, தன் நெஞ்சைத் தொட்டு, "நானு?" என்றாள்.

என் மனைவி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீயுந்தான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பிள்ளைக்கு யார் நன்மை கொடுப்பார்கள்? பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்கு நடந்து போக வேண்டும், முழந்தாளிட வேண்டும், நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கிப் பல் படாமல் விழுங்க வேண்டும். கீழே விழுந்தால் எத்தனை பெரிய அவமரியாதை! ஜனங்கள் ஏற்கெனவே, பாவம், அந்தப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம், அது வானதூதர் மாதிரி, நேரே மோட்சத்துக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நீ எங்களோடு உட்காராதே என்பதைத்தான் இப்படி மாலை போட்டுச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மடத்தில் பூசைக்கு வேண்டிய அப்பங்களைச் சுட்டு வட்டமாக வெட்டிய பிறகு ஓரத் துணுக்குகள் மிஞ்சும். மந்திரிக்காத வெறும் மாவுதான். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள். என் மனைவி சிஸ்டரிடம் கேட்டு ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தாள். தினமும் சாயங்காலம் கடற்கரையிலிருந்து வந்த பிறகு பாடம் நடக்கும். நாக்கை நீட்டு. வை. மூடு. பொறு. கரையட்டும். முழுங்கு. கை கூப்பு. முதலில் எல்லாம் கடித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். பிறகு துப்பினாள். பிறகு புரையேறியது. அம்மா தொண்டையைத் தடவிக்கொண்டே இருப்பாள். கடைசியில் ஒருநாள் துணுக்கு நாக்கில் கரைந்து, தொண்டை ஏறி இறங்கி, கோணக் கை நல்ல கையோடு சேர்ந்து நெஞ்சுக்கு வந்தது. நான் பேப்பருக்குப் பின்னால் அழுதேன்.

கோவிலுக்குப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனோம். வயதான தமிழர். அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு துணுக்கைக் காட்டி, "இது சேசுவா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "அப்போ சேசு எங்கே இருக்காரு?" என்றார். அவள் கையைத் தூக்கிப் பீடத்தில் நற்கருணை வைத்திருக்கும் பேழைக்குப் பக்கத்தில் எரிகிற சிவப்பு விளக்கைக் காட்டினாள். சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். "இவளுக்கு நான் மாட்டேன்னு சொன்னா எனக்குத்தான் பாவம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரம் எழுந்து ஜன்னலோரம் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கவுன் கொடியில் தொங்கியது. கண்ணாடியில் எனக்குப் பின்னால் பாய் தெரிந்தது. குழந்தை புரண்டாள், இருமினாள். மனைவியின் கை தலைமாட்டுக்குப் போயிற்று. ஸ்பூன் நாக்கில் சாய்ந்தது. குழந்தை விழுங்கினாள்.

எங்கள் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து எதையும் தொடக் கூடாது. சோறு மட்டுமல்ல, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட. பிள்ளைகளுக்கு முதல் பாடமே அதுதான். முந்தின இரவு தண்ணீர்ப் பானைக்குத் துணி கட்டி வைத்தவளே என் மனைவிதான். டம்ளரை எடுத்து மறைக்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அது அவளுக்குத் தண்ணீராகவே படவில்லை, பிள்ளையின் மூச்சாகப் பட்டிருக்கிறது.

கண்ணாடிக்குள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்பூன் அவள் கையிலேயே இருந்தது. குழந்தை கவுனைக் காட்டிச் சிரித்தாள்.

"யாரும் பாக்கல" என்றேன். "ஒரு ஸ்பூன் தண்ணி. மருந்து மாதிரி. பேசாம இரு."

"நான் பாத்தேனே" என்றாள்.

"அந்தப் பிள்ளை வருஷக்கணக்கா பட்ட பாட்டை..."

"அவ பட்ட பாட்டுக்குத்தாங்க. மொத நன்மையைத் திருட்டுத்தனமா வாங்கிக் குடுக்கணுமா அவளுக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் சவரக் கத்தியைத் தூக்கி எறிந்தேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும்? அவள் குழந்தைக்குக் கவுனைப் போட்டு, பூமுடியை வைத்து, அழுதுகொண்டே பின் குத்தினாள்.

கோவிலில் சிஸ்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு போய் முன் பெஞ்சியில் மற்றப் பெண்களோடு உட்காரவைத்துவிட்டார். நாங்கள் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனோம். என் மனைவி சொன்னாள். சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா எங்கிட்ட சொன்னே?" என்றார். "சொல்லாம எப்படி இருப்பே" என்றும் அவரே சொன்னார். "இது நான் போட்ட சட்டம் இல்லம்மா. என் கையிலே ஒண்ணும் இல்ல. நாளைக்கு விடியற்காலைப் பூசைக்குக் கூட்டி வா. இன்னைக்கு உன்னோட உக்கார வச்சிக்கோ."

என் மனைவி முன் பெஞ்சிக்குப் போனாள். குழந்தையின் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை தலையாட்டவில்லை, பெஞ்சியின் கம்பியை நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் உனக்கு இன்றைக்கு இல்லை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாஷையில் சொல்வது? பாட்டு ஆரம்பித்துவிட்டது. விரல்களைப் பிரிக்கத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

நன்மை நேரம் வந்தது. சாமியார் சொல்லியனுப்பியிருந்ததால் சிஸ்டர் குழந்தையின் தோளில் கையை வைத்து, உட்காரும்படி காட்டினார். மற்றப் பெண்கள் எழுந்து போனார்கள். அவள் பார்த்தாள். தோளை நழுவவிட்டு எழுந்தாள். பிடிக்க அம்மாவின் விரல் இல்லை. காலை வீசி, தள்ளாடி, கவுனை மிதித்து, தானாகவே நிமிர்ந்து, கிராதி வரைக்கும் நடந்தாள். வாழ்நாளில் அவ்வளவு தூரம் அவள் தனியாக நடந்ததில்லை. கோவில் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய்த் தூக்கவா, விடவா என்று தெரியவில்லை. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

கிராதியைப் பற்றிக்கொண்டு முழந்தாளிட்டாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். இவ்வளவு அழகாக அவள் வீட்டில் ஒருநாளும் நீட்டியதில்லை.

சாமியார் ஒவ்வொரு பிள்ளையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். இவள் முன்னால் நின்றார். அப்பத்தை எடுக்காமல், கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார்.

அவள் நாக்கு நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வாயை மூடினாள். பொறுத்தாள், கரைவதற்காக. தொண்டை ஏறி இறங்கியது. கோணக் கையை நல்ல கையோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்?

பூசை முடிந்ததும் ஜனங்கள் எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வானதூதர் என்று சொன்னவர்களும்தான். மீன்கார அம்மாள் வாசலில் நின்று, "மொளச்சிட்ச்சிம்மா உன் பொண்ணு!" என்று கத்தினாள். நாங்கள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மறுநாள் விடிகிறபோது டம்ளர் தலைமாட்டில் இல்லை. என் மனைவி தன் வலக்கையைக் கைக்குட்டையால் பாய்க்கோரையோடு முடிந்து வைத்திருந்தாள். குழந்தை எழுந்தாள். வாயைக் காட்டினாள். தண்ணீர் வரவில்லை. திணறி அலறி, அம்மாவின் கட்டின கையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்ச நேரம் கண்ணு, கொஞ்ச நேரம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள் குழந்தை. அம்மா செய்யாததை நான் செய்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

கோவிலில் நாலைந்து பேர்தான். கிராதியில் மூன்று பேரும் முழந்தாளிட்டோம். சாமியார் அப்பத்தை அவள் நாக்கில் வைத்தார். அது வறண்ட நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாயை மூடினாள், பொறுத்தாள்; கரையவில்லை. சாயங்காலப் பாடங்களெல்லாம் ஈர வாயில் நடந்தவை. ஓக்களித்தாள். முகம் சிவந்தது. வருஷக்கணக்காக அந்த வாய்க்குள் போய்வந்த விரல்கள் என் மனைவியின் மடியில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. நற்கருணையைக் குருவானவர் தவிர யாரும் தொடக் கூடாது. தொண்டையைத் தடவக்கூட அவளுக்குப் பயம். அவள் பிள்ளையை அவளே சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

சாமியார் அவசரமாகப் பீடத்துக்குப் போய், பூசைத் தண்ணீர்ச் சீசாவோடு திரும்பி வந்தார். "வாங்கியாச்சு. இனி தண்ணி குடுக்கலாம். குடும்மா" என்றார்.

என் மனைவி இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளி ஸ்பூன். பூசை முடிந்த நிமிஷமே கொடுக்க வேண்டும் என்று கொண்டு வந்திருக்கிறாள். சாமியார் ஊற்ற, அவள் குழந்தையின் நாக்கில் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. குழந்தை மூச்சு வாங்கினாள். கையைக் கூப்பினாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, கோவிலில் எல்லாருக்கும் கேட்கும்படி, "மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டாள். எனக்கே முழுவதும் புரிந்தது.

என் மனைவி ஸ்பூனை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் மகளுக்கு நடுவயது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். மடத்தில் பூசை அப்பம் வெட்டுகிற வேலை. நல்ல கையால் வெட்டி, கோணக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. புது நன்மைப் பிள்ளைகள் வந்து உங்களுக்கு எப்படி இருந்தது அக்கா என்று கேட்டால், இரண்டு விரலைக் காட்டுவாள். நான் ரெண்டு தரம் வாங்கினேன், மொதத் தரம் லேசா இறங்கிச்சு, ரெண்டாந்தரந்தான் கஷ்டப்பட்டேன் என்பாள். கணக்கு வாத்தியாராகிய நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மா இருந்தவரை திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.